மழையில் மட்டும் காட்டப்படும் வீடு

வெள்ளக்கடை, ஏற்காடு மலை
தாது வருஷம் ஐப்பசி 22

சேலம் செவ்வாய்ப்பேட்டை அரிசிக்கடை மச்சான் செங்கோடன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை புருஷனும், காப்பி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் ரைட்டராக இருந்து நல்ல பேரோடு ஓய்வு பெற்றவனுமான ஐயாக்கண்ணு வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் வீடும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், என் சம்சாரம் ஆராயியும், அவள் முழங்காலும் சௌக்கியம்தானா என்று அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "ஒரு ஊட்ட விக்க எத்தன வருசம் ஆவும்?" என்று ஆராயி கேட்பதாக எழுதியிருந்தீர்கள். மலைக்குளிர் அவள் காலுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதும், அவளைத் தங்களிடம் விட்டுவிட்டு, ஒரே மாதத்தில் வீட்டை விற்றுவிட்டு வந்து சேர்கிறேன் என்று சொன்னவன் நான்தான், மறுக்கவில்லை. இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டன. ஆனால் மச்சான், சாதாரண வீடு என்றால் ஒரு மாதம் போதும். அடிவாரத்திலிருந்து இரண்டாயிரத்து நானூறு மங்களூர் ஓட்டைத் தலைச்சுமையாக ஏற்றி, ஒன்றுகூட விரிசல் விடாமல் நானே கூட நின்று அடுக்கிய வீடு இது. பதினெட்டு மழைக்காலத்தில் உள்ளே ஒரு சொட்டு விழுந்ததில்லை. துரை பங்களாவிலேயே மழைக்கு ஏழு பாத்திரம் வைப்பார்கள், என் வீட்டில் பாத்திரமெல்லாம் அடுப்படியில்தான் இருக்கும். இப்படிப்பட்ட வீட்டை வெயிலில் காட்டினால் அதன் அருமை யாருக்குத் தெரியும்? வெயிலில் மாட்டுக்கொட்டகைகூட ஒழுகாதே. அதனால் மழை கொட்டும்போது மட்டும்தான் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன். இதில் ஒரு சின்னச் சிக்கல், மழை கொட்டினால் பாதை சரிந்து ஆள் வருவதில்லை. முதல் வருஷம் அப்படியே போயிற்று.

பிறகு மாசியில் செம்மநத்தத்து விவசாயி சித்தன் வந்தான். எஸ்டேட்டில் காலையில் ஆள் எடுத்த பழக்கம் போகுமா, அவனை வாசலிலேயே நிறுத்தி, பேர், தகப்பன் பேர், இதற்கு முன் இருந்த வீடு, அதை விட்டு விலகும் காரணம் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். "ஊடு நொம்பப் புடிச்சிருக்குதுங்க, இப்பவே பேசி முடிச்சுக்கலாமுங்க" என்றான். மழை வரட்டும், ஆனியில் வா என்று அனுப்பிவிட்டேன். ஆனியில் அவன் வந்தான், மழை வரவில்லை. மழை வந்தபோது அவன் சாமை விதைக்கப் போய்விட்டான். இந்த ஆடியில் மஞ்சக்குட்டை துணிக்கடை நல்லமுத்து சரியான மழையில் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். சந்தோஷம் தாங்காமல் கூடத்து நடுவில் பலகை போட்டு உட்காரவைத்து, மூன்று மணி நேரம் கூரையைப் பார்க்கச் சொன்னேன். "ஏனுங்க, தல தொவட்டத் துண்டு ஒன்னு குடுத்தீங்கன்னா தேவலைங்க" என்றார். துண்டு எங்கே போகிறது, முதலில் மேலே பாருங்கள் என்றேன். அவர் தலைமயிரிலிருந்து சொட்டியதே தவிர ஓட்டிலிருந்து ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் காய்ச்சல் வந்து, பதினோரு நாள் என் கட்டிலில் கிடந்தார், கஞ்சி வைத்து ஊற்றினேன். பன்னிரண்டாம் நாள், "ஊடு கோயிலாட்டம் இருக்குதுங்க, ஆனா இனிமே இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்கமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். புரட்டாசியில் மேஸ்திரி வேடியப்பன் வந்தான். மழையும் வந்தது, பாதையும் இருந்தது, காய்ச்சலும் இல்லை. எல்லாம் பார்த்துவிட்டு, "ஓட்டப் பிரிச்சுப்போட்டுத் தகரம் போட்டுக்கறனுங்க. மழைச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருமுங்க" என்றான். அந்த மழையிலேயே அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

மச்சான், தங்களிடம் சொல்ல வெட்கமில்லை. சோறு பொங்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், தனியே உட்கார்ந்து தின்னத்தான் வரவில்லை. ஆராயி இல்லாமல் மனசு என்னவோபோல் இருக்கிறது. ஆனாலும் அருமை தெரியாதவன் கையில் இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அங்கே வந்து நான் எப்படித் தூங்குவேன்? அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லித் தை வரை தவணை வாங்கித் தாருங்கள். தாங்கள் நியாயஸ்தர், என் பக்கம்தான் நிற்பீர்கள்.

சேர்வராயன் சாமி புண்ணியத்தில் தங்கள் கடையில் அளக்க அளக்க மூட்டை குறையாதிருக்கவும், வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு, எஸ்டேட் ரைட்டர் (ஓய்வு)

பி.கு.: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் சித்தன் கிரயப் பத்திரத்தோடு வந்து நிற்கிறான். மனை வாங்கியபோது ஊரே பேசட்டும் என்று ஆராயி பேரில் எழுதிவைத்தவன் நான். எனக்கு மறந்துவிட்டது, அவளுக்கு மறக்கவில்லை. சேலத்துக்கே தேடி வந்து கேட்ட இவனுக்குப் போன திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசில் அரைமணி நேரத்தில் விற்றிருக்கிறாள். முதல் சாட்சி தாங்கள். கையெழுத்து குண்டுகுண்டாக நன்றாகவே இருக்கிறது. மழையில் உட்கார்ந்து பார்க்காமல் எப்படியப்பா வாங்கினாய் என்று சித்தனைக் கேட்டேன். "ஒழுவாதுன்னு அக்கா சொன்னாங்க, போதுமுங்க. ஒரே ஒரு நிபந்தனதானுங்க. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள உங்கள பஸ் ஏத்தி உட்டுப்போடோணும், இல்லீன்னா கிரயம் செல்லாதுன்னுட்டாங்க" என்றான். இரண்டு வருஷம் நாலு மாதம் எனக்கு முடியாத காரியத்தை அரைமணியில் முடித்தவள் என் சம்சாரம், இதை அரிசி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் தாங்கள் தாராளமாகச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நான் மிகுந்த கோபத்தோடு வருவதாக அவளிடம் தெரிவிக்கவும். ராகிக் களி கிண்டி வைக்கச் சொல்லவும், இருவரும் சேர்ந்து சாப்பிட.