முழுகாதவற்றுக்கு நிவாரணம் இல்லை

உலக வரலாற்றைக் கி.மு., கி.பி. என்று பிரித்தது போதும். இனி செ.மு., செ.பி.; அதாவது செயலிக்கு முன், செயலிக்குப் பின். அந்தப் பொற்காலத்தைத் தொடங்கிவைத்த பெருமை காவிரிக் கரையிலுள்ள எங்கள் ஒன்றியத்தையும், அதன் 'தாய்மை ஊக்குவிப்பு ஒருங்கிணைப்பாளர்' ஆகிய அடியேனையும் சாரும்.

கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காக வருவதில்லை என்பது எங்கள் தீராத கவலை. டாக்டர் வாரத்தில் ரெண்டு நாள்தான் வருகிறார், ஸ்கேன் மெஷின் ரிப்பேர் என்று ஏதோ சில்லறைக் காரணம் சொன்னார் நர்ஸ் ஜெயபாரதி. நான் ஆழமாகச் சிந்தித்தேன். வேளாண்மைத் துறைக்காரர்களின் பயிர்ச்சேதச் செயலியைக் கேட்டு வாங்கி, ரோஸ் கலர் அடித்து, 'தாய்மடி' என்று பெயர் சூட்டினேன். இனி யாரும் நர்சுக்கு நேரே போன் போடக்கூடாது, எல்லாம் செயலி வழியே என்று சுற்றறிக்கையும் விட்டேன்.

முதல் பயனாளி வானதி. வயிற்றில் ரெட்டைப் பிள்ளை. வலி கண்டதும் மாமியார் ராஜாத்தி செயலியைத் திறந்து, கர்ப்பத்தை நம்மூரில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொன்னார்.

"எங்க மருமக முழுகாம இருக்காங்க."

"மகிழ்ச்சி. முழுகாதவற்றுக்கு நிவாரணம் இல்லை," என்றது செயலி.

"ஐயோ, வலி எடுத்துடுச்சுங்க! ஒம்போது மாசம் முடிஞ்சுடுச்சு!"

"அறுவடைக் காலம் கடந்துவிட்டது. ஒருபோகமா, இருபோகமா?"

"ரெண்டுங்க! ரெட்டை!"

"இருபோகம். பதிவு செய்யப்பட்டது. கள ஆய்வுக்கு அலுவலர் வருகிறார்."

சொன்னபடி வந்தார்! வேளாண்மை உதவி அலுவலர் நடராசன், ஜீப்பில், அளவு டேப்போடு.

"பாதிப்பு எந்தப் பக்கம்மா?"

"உள்ள கத்துறா பாருங்க!"

மனுஷர் டேப்பை வீசிவிட்டு வானதியை ஜீப்பில் ஏற்றினார். செயலியின் மகத்துவத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆஸ்பத்திரியில் பூட்டுத் தொங்கியது. கதவில் என் கைப்பட எழுதிய நோட்டீஸ்: 'கர்ப்பிணிகள் ஏன் வருவதில்லை? மாபெரும் கருத்தரங்கு. இடம்: கல்யாண மண்டபம். ஊழியர் அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.'

"நான்தான் வந்துட்டேனே! நீங்கல்லாம் எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க?" என்று வானதி போட்ட சத்தத்தில் ஜீப் மண்டபத்துக்குப் பறந்தது.

அங்கே நான் மேடையில் எட்டாவது காரணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். 'பெண்களின் கூச்ச சுபாவம்.' அப்போது வாசலில் கேட்ட அலறலில் என் மைக்கே அடங்கிப்போனது. ஜெயபாரதி நாற்காலிகளைத் தாண்டி ஓடினார். மணமகள் அறையில், இருபதே நிமிடத்தில், ஒரு பெண், ஒரு ஆண். தாயும் பிள்ளைகளும் சுகம். சபை எழுந்து கைதட்டியது. எனக்குத்தான் என்று நினைத்து நான் கும்பிட்டேன்.

பிறகு பதிவேற்ற உட்கார்ந்தோம். 'பிரசவம் மருத்துவமனையில் நடக்காததற்குக் காரணம்?' என்று கேட்டது செயலி. பயிர்க் கேள்விகளுக்குக் கீழே நானே சேர்த்த ஒரே கேள்வி அது.

"ஆஸ்பத்திரி பூட்டியிருந்துச்சுன்னு போடுங்க சார்," என்றார் ஜெயபாரதி, கையைத் துடைத்துக்கொண்டே.

தேடிப் பார்த்தேன். அப்படியொரு கட்டத்தை நான் வைக்கவே இல்லை. இருந்தது ஒன்றே ஒன்றுதான்: 'தாயின் அலட்சியம்.'

டிக் அடித்தேன்.