மெத்தைக் கடையில் ஒரு லைவ்

ஒரு விஷயத்தை அரைகுறையாகக் கற்றவனுக்கு இருக்கும் தன்னம்பிக்கை, முழுசாகக் கற்றவனுக்கு ஒருநாளும் வருவதில்லை. வேலப்பன்சாவடியில் ஒரு மாடியறைக்கு சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் படிக்கப் போய்வந்த காலத்தில், எனக்கு அது கழுத்துவரை இருந்தது.

எனக்குப் பிடித்த பாடம் நீளமான கன்டென்ட். ரீல்ஸ் பார்ப்பவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். நீண்ட கட்டுரையும் நீண்ட லைவும் பார்ப்பவன்தான் நம்பி வாங்குவான் என்றார்கள். அவனை எப்படிக் கடைசிவரை உட்கார வைப்பது என்பது அடுத்த வகுப்பு. (நான் போகவில்லை. போதுமான அளவு தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.)

எனக்கும் கவிதாவுக்கும் அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. அவள் அப்பாவுக்குக் கரையான்சாவடி மெயின் ரோட்டில் மெத்தைக் கடை. வியாபாரம் டல் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் தாமதம், "என்கிட்ட விடுங்க மாமா" என்றேன்.

முதலில் கட்டுரை. மனிதன் வெறுந்தரையில் படுத்த காலத்தில் தொடங்கி, முதுகெலும்பு வழியாக, இலவம்பஞ்சைத் தொட்டுக்கொண்டு கடை முகவரிக்கு வந்து சேர்ந்தேன். கூட வந்து சேர்ந்தவர் யாருமில்லை.

அசரவில்லை. ஞாயிறு மதியம் லைவ் என்று கவிதாவின் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் லிங்க் அனுப்பினேன். முந்தைய இரவு முழுக்கக் கண்விழித்துத் தயாரானேன். லைவுக்குச் சற்று முன் மாமியார் கையால் பிரியாணி. (புது மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?)

"வெலைய எப்ப சொல்லுவீங்க மாப்ள?" என்று கடைக்கு வந்ததும் கேட்டார் மாமா.

"கடைசில மாமா. மொதல்ல நம்பிக்கை."

"கடைசி வரைக்கும் ஆளு இருப்பாங்களா?"

"இருப்பாங்க மாமா."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வாசலில் வந்து நின்ற லோடு வண்டியைக் கவனிக்கப் போய்விட்டார்.

நான் போனை ஸ்டாண்டில் நிறுத்திப் பேசத் தொடங்கினேன். பிரமாதமாகப் போயிற்று. முதுகெலும்பு வந்ததும், "இப்ப நானே படுத்துக் காட்டுறேன். கண்ண மூடி, மூச்ச மெதுவா விட்டா..." என்று சொன்னது நினைவிருக்கிறது. மிச்சத்தைப் பதிவில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு குறட்டை. 'நெட் நின்னுபோச்சா?' என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். 'ஃபேன் சுத்துதே' என்று இன்னொருவர். கவிதாவின் சென்னீர்குப்பம் அத்தை, 'நிச்சயத்தன்னிக்கு இத்த யாரும் சொல்லலியே' என்று எழுதியிருந்தார்.

பதறிப்போன கவிதா வீட்டிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள். மாமா உள்ளே வந்தார். என்னை எழுப்பக் கையை நீட்டியவர், நிறுத்திக்கொண்டு போனருகே குனிந்தார்.

"மாப்ள தூங்கிகினு கீறாரு, சத்தம் போடாதீங்க," என்றார் கிசுகிசுப்பாக. "மெத்தை இன்னா வெலைன்னு நான் சொல்றேன்."

விலை, முகவரி, டெலிவரி எல்லாவற்றையும் என் வணக்கத்தைவிடச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார்.

நான் கண் விழித்தபோது கால்மாட்டில் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள்.

"நீங்க எழுந்துட்டீங்கன்னா," என்றார் அந்த அம்மா தயக்கத்துடன், "நாங்க ஒரு தபா படுத்துப் பாக்கலாமா?"

சாயங்காலம் அத்தை கவிதா வீட்டுக்கு நேரிலேயே வந்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "இந்தக் கொறட்டையோட பொண்ணு எப்படிக் காலம் தள்ளும்?" என்று தன் தம்பியான மாமாவைக் கேட்டார். கல்யாணம் போயே போய்விட்டது என்று நினைத்தேன்.

கவிதாதான் பேசினாள். "மத்தவங்களுக்குக் கண்ணாலத்துக்கு அப்பால தெரியறது எனக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சு அத்தே. லைவ மொத்தமா பாத்துட்டுத்தான் சொல்றேன். எனக்கு இவருதான்."

அத்தை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "அந்த மெத்தைல ஒண்ணு நம்ம ஊட்டுக்கு அனுப்பு" என்றார்.

இன்றைக்கு நான் நாலு கடைகளுக்கு மார்க்கெட்டிங் செய்கிறேன், நன்றாகவே செய்கிறேன். ஆனால் கவிதா வீட்டில் யாராவது நீட்டி முழக்கினால் ஒரே ஒரு கேள்விதான். போன மாதம் ஒரு வளைகாப்பில் நன்றி சொல்ல எழுந்தேன். மைக்கை வாயருகே கொண்டுபோவதற்குள் பின்வரிசையிலிருந்து அத்தையின் குரல் வந்தது:

"மெத்தை எடுத்தாரட்டா, மாப்ள?"