செவிட்டு அம்மாளும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

ராஜபாளையம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

மரியாதைக்குரிய பால்துரை அத்தானுக்கு, மைத்துனன் எட்வின் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், என் இடது காதைத் தவிர. மடவார் வளாகத்தில் நீங்களும் அக்காவும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கொடுத்தனுப்பிய எட்டுத் துப்பறியும் நாவல்களையும் வாசித்துவிட்டேன். நாற்பது வருடம் மில்லில் மோட்டார் பழுது பார்த்தவன் நான். அட்டை கிழிந்த அந்தப் பழைய புத்தகங்களில் வரும் எழுபது வயது அம்மாளைப் போல ஒரு மூளையை எங்கேயும் கண்டதில்லை. துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது. குடையை ஊன்றிக்கொண்டு, காது கேளாதவள் போல ஓரமாக உட்காருவாள். செவிடுதானே என்று ஊரே அவள் முன்னால் உண்மையைக் கொட்டிவிட்டுப் போகும். கடைசி அத்தியாயத்தில் எழுந்து, பணிவாகவே, கொலைகாரனைக் காட்டுவாள். எட்டிலும் நான் சந்தேகப்பட்டது வேறு ஆளைத்தான்.

இந்த நேரத்தில்தான் என் மகள் ஜாஸ்மின் சம்பந்தத்தில் இடி விழுந்தது. நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆலங்குளத்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா எபனேசர் அதைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பி, இனிப் பேச்சில்லை என்று முடித்துக்கொண்டார். பெண் முன்கோபக்காரி, சோறு குழைந்துவிடும், செண்பகத்தோப்பில் கிடைத்திருக்கும் வனக்காப்பாளர் வேலையை யார் சொன்னாலும் விடமாட்டாள் என்று அச்சடித்தது போல நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தது. வேலையை விட வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. நானும் சம்மதித்திருந்தேன்.

எனக்குப் பக்கத்து வீட்டுப் பெலிக்ஸ் மேல் சந்தேகம். சாக்கடைத் தகராறில் எங்களுக்குள் ஆறு மாதமாகப் பேச்சில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவர் வராந்தாவில் போய்ச் செவிடனாக உட்கார்ந்தேன். "என்னண்ணே, திடீர்னு இந்தப் பக்கம்?" என்றார். "ஆமா, நல்ல வெயிலு" என்றேன். மனிதர் பதறிவிட்டார். பகையை மறந்து, ஸ்கூட்டரில் ஏற்றி, காது டாக்டரிடம் கொண்டுபோய்விட்டார். டாக்டர் இரண்டு காதையும் குடைந்து பார்த்து (இடது காது இன்னும் வலிக்கிறது), "ஊசி விழுந்தாக்கூட இவருக்குக் கேக்குமே" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பெலிக்ஸ் ஏசிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் எல்லாம் நன்றாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரி பரிபூரணம் எட்டாவது நாவலை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கடுதாசிப் படத்தைக் காட்டச் சொன்னாள்.

"பெலிக்ஸ் அண்ணன் இல்லங்க. வேண்டாதவுக எழுதுனா மொத வரியிலயே ஒரு பையன் வந்திருப்பான். இதுல பிள்ள நடத்தையத் தப்பா ஒரு சொல்லு இல்ல. சம்பந்தம் முறியணும், பிள்ள பேரு கெடக்கூடாது. அம்புட்டு அக்கறை உள்ளவுக வெளிய யாரு இருக்கா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அத்தான். அந்த அம்மாளே என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசினாற்போல இருந்தது. அதற்குள் அடுப்படியிலிருந்து ஜாஸ்மின் வந்து நின்றாள்.

"நாந்தாம்ப்பா எழுதுனேன். வேலைய விடச் சொன்னதுக்கு நீங்க சரின்னுட்டீங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கல."

கேட்கவில்லைதான். "திங்கக்கிழம வேலைல போய்ச் சேருத்தா" என்றேன். காக்கிச் சட்டையில் அவள் பஸ் ஏறியபோது கண் கலங்கிவிட்டது. இன்னொரு வரன் வராமலா போகும்? ஆனால் பரிபூரணத்தின் மூளையை முப்பத்திரண்டு வருடமாகக் குழம்புக்குப் புளி கரைக்க மட்டும் விட்டுவைத்தேனே என்றுதான் வருத்தம்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் சர்க்கரை இறங்க ஜெபத்தில் நினைக்கிறோம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
எட்வின்

பி.கு.: உறையில் போடும் முன் பரிபூரணம் இதை வாசித்தாள். "எல்லாம் சரி. எழுதுனது நாந்தான்" என்றாள். கடுதாசிப் படத்தில் இருந்தது அம்மாவின் எழுத்து என்று பார்த்ததுமே ஜாஸ்மின் தெரிந்துகொண்டு, அவளுக்கு ஏச்சு விழக்கூடாதென்று முந்திக்கொண்டாளாம். பிறகு எதற்குத் துப்புத் துலக்கினாய் என்றேன். "இல்லாட்டி நீங்க பெலிக்ஸ் அண்ணன விட்டுருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். கோபம் வரவில்லை அத்தான். இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் வேறு என்னென்ன நடந்தது என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.