சாட்சிக் கையெழுத்து இல்லாத சுயசரிதை

வயதான காலத்தில் மனத்துக்குத் தீனி போட வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், காதைப் பொத்திக்கொள்ளுங்கள். நான் பொத்திக்கொள்ளவில்லை. அதன் விளைவாக என் மைத்துனன் ஏழுமலை, கட்டியிருந்த கைக்கடிகாரத்தோடு கல்வராயன் மலை அருவிக்குள் குதித்தான்.

முப்பத்தைந்து வருடம் கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதினேன். சுற்றுவட்டாரத்தில் எந்த நிலத்துக்கு எந்தப் பக்கம் வரப்பு, எந்த அண்ணன் எந்தத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான் என்றெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கண்ணில் புரை விழுந்த பிறகு தொழிலை விட்டேன். விட்ட மறுநாளிலிருந்து என்னைத் தேடி ஒரு ஈ, காக்கை வரவில்லை. (தபால்காரர் வந்தார். பக்கத்து வீட்டுக் கடிதம்.)

அந்தச் சமயத்தில் எங்கள் மூத்தோர் சங்கத்துக்கு ஒருவர் பேச வந்தார். அறுபதைத் தாண்டியவர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுத வேண்டும், அப்போதுதான் உள்ளே இருப்பது வாடாமல் இருக்கும் என்றார். அவர் என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. (பிறகு விசாரித்தேன், எல்லோருக்கும் அப்படித்தான் இருந்ததாம்.) ஊரார் வாழ்க்கையை எல்லாம் எழுதியவன், என்னைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லையே என்று நெஞ்சு கனத்துப்போனது. சுயசரிதை எழுதுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

வீட்டில் பத்திரத்துக்கு வாங்கிய பச்சைத் தாள் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று அதையே எடுத்துக்கொண்டேன். பேனாவைத் திறந்ததும் கை தானாக ஓடியது. இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"மனித வாழ்வு நிலையற்றது என்பதாலும், எனக்கு வயதாகிவிட்டபடியாலும், நான் நல்ல நினைவோடும் திடமான மனதோடும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, முழு சம்மதத்துடன் எழுதி வைப்பது யாதெனில்..."

சுயசரிதைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் உண்டா? எனக்கே மெய்சிலிர்த்தது. அடுத்து நான் பிறந்த வீடு. வடக்கில் பொதுக் கிணறு, தெற்கில் தெரு, கிழக்கில் மாட்டுத் தொழுவம், மேற்கில் சித்தப்பா வீட்டுச் சுவர். பிறகு இப்போது குடியிருக்கும் வீடு, அதன் தென்கிழக்கு மூலையில் அடுப்படி. இரண்டு பக்கம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் 'சாட்சிகள்' என்று எழுதி, ஒன்று, இரண்டு என எண் போட்டு இடமும் விட்டேன். அதற்கு மேல் ஒரு சொல் நகரவில்லை.

வீட்டில் மிக்ஸி சத்தம், டிவி சத்தம். எழுத்தாளனுக்குத் தனிமை வேண்டும் என்று தோன்றியது. (இரண்டு பக்கத்திலேயே எழுத்தாளன் ஆகிவிட்டேன்.) மறுநாள் வியாழக்கிழமை. காலையில் ஒரு பையில் வேட்டியும் வெற்றுத் தாள்களும் எடுத்துக்கொண்டு, என் மனைவி சரோஜாவிடம் மலைக்குப் போவதாகச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். என் வாழ்க்கையைப் பற்றி யோசிக்க வேண்டும், போன் செய்யாதே, தேடாதே என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். எழுதிய இரண்டு பக்கங்கள் டிவி பெட்டிக்கு அடியில் இருந்தன.

மலைமேல் கரியாலூரில் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தேன். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று மகிழ்ந்தேன். நாள் முழுக்க உட்கார்ந்து நான் எழுதியது ஒரே ஒரு வரி: "வடக்கில் பலாமரம்." வெள்ளிக்கிழமை மதியம்வரை இரண்டாவது வரி வராததால், தலையில் தண்ணீர் கொட்டினால் மூளை திறக்கும் என்று அருவிக்கு நடந்தேன்.

நான் கொஞ்சம் ஒழுங்கு பார்க்கிற ஆள். செருப்பைப் பாறைமேல் ஜோடியாக வைத்தேன். சட்டையை மடித்து அதன் பக்கத்தில் வைத்தேன். சட்டைமேல் கண்ணாடி, கண்ணாடி பக்கத்தில் கைக்கடிகாரம். துண்டைக் கட்டிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய், கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் கண்ணை மூடி நின்றுவிட்டேன்.

இதற்குள் கள்ளக்குறிச்சியில் நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் வீடு துடைத்த சரோஜா, டிவி பெட்டியை நகர்த்தியிருக்கிறாள். பச்சைத் தாள். கையெழுத்து. மனித வாழ்வு நிலையற்றது. பத்திர எழுத்தர் வீட்டில் நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு உயில் எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியாதா? போன் போட்டிருக்கிறாள். என் போன்தான் பேசாதே. உடனே தம்பி ஏழுமலையை அழைத்திருக்கிறாள். அவன் மரவள்ளிக்கிழங்கு ஏற்றுகிற வண்டியோடு வந்து அக்காவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு மலையேறியிருக்கிறான்.

வழியெல்லாம் அவள் அந்தத் தாள்களைப் படித்துப் படித்து அழுதாளாம். ஏழுமலை அவளைத் தேற்றிய விதத்தை அவனே பிறகு பெருமையாகச் சொன்னான். "அக்கா, கீய பாரு. சாட்சி கையெழுத்து இல்ல. சாட்சி இல்லாத உயிலு செல்லாது. மாமா சாட்சி வாங்காம சாவ மாட்டாருக்கா."

கேட்டுக் கேட்டு என் விடுதியைக் கண்டுபிடித்து, காவலாளியிடம் விசாரித்ததும் அவர் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார். ஐயா யாரோடும் பேசவில்லை, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு அருவிப் பக்கம் போனார் என்று. இரண்டு பேரும் ஓடி வந்து பார்த்தால், பாறைமேல் ஜோடியாக என் செருப்பு.

தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. தொபீர் என்று ஏதோ விழுந்ததும்தான் கண்ணைத் திறந்து, பாறையைச் சுற்றி வெளியே வந்தேன். முழங்கால் ஆழத் தண்ணீரில் ஏழுமலை குப்புறக் கிடந்து, இரண்டு கைகளாலும் என்னைத் துழாவிக்கொண்டிருந்தான். என்ன தொலைத்தாய் என்று அவனிடம் அக்கறையாக விசாரித்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது.

சரோஜா என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றிருந்தாள், முகமெல்லாம் ஈரம். முதலில் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். துண்டோடு நடுங்கிக்கொண்டே, அது உயில் இல்லை, சுயசரிதையின் முதல் அத்தியாயம் என்று விளக்கினேன். அவள் தாள்களை மடியில் வைத்துத் தடவினாள்.

"உயிலுன்னு நெனச்சிதான் பயந்துகினு வந்தேன்," என்றாள். "இப்ப சுயசரிதைன்றீங்க. அது இன்னும் மோசங்க. அடுப்படி எந்த மூலைல இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அதுல நாப்பது வருசமா நிக்கிறது யாருன்னு எழுதலியே."

குளிர் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். எத்தனையோ சொத்துக்கு நான்கு எல்லையும் தவறாமல் எழுதியவன், வீட்டுக்குள் இருந்த ஆளை விட்டுவிட்டேன். அதைச் சொல்ல எந்தப் பத்திர வாசகமும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. தப்புதான் சரோஜா என்று மட்டும் சொன்னேன். ஏழுமலை நனைந்த தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்து, நின்றுபோச்சு என்று அறிவித்தான். திரும்பும்போது முன்சீட்டில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்துகொண்டார்கள். நான் பின்னால், கிழங்கு மூட்டைகளோடு வந்தேன்.

அன்றிலிருந்து நான் பால் வாங்கக் கிளம்பினாலும் வீட்டில் யாராவது ஒருவர், "நல்ல நினைவோடதானே போறீங்க?" என்று கேட்காமல் விடுவதில்லை. விழுப்புரத்தில் இருக்கும் என் மகள் போனை எடுத்ததும் ஹலோ சொல்வதற்குப் பதிலாக இதைத்தான் கேட்கிறாள்.

சுயசரிதை மூன்று நோட்டு ஆகிவிட்டது. சாயங்காலம் நான் எழுதியதைப் படிப்பேன், சரோஜா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். சரி என்றால் அடியில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவாள். ஏழுமலை இரண்டாம் சாட்சி. அவளுக்கு ஒப்புதல் இல்லாத பக்கம் செல்லாது. பெண் பார்க்க வந்த அன்று நான் கம்பீரமாக இருந்தேன் என்ற பக்கத்தை நான்கு முறை திருத்திய பிறகுதான், "சுமாரா" என்று மாற்றச் சொல்லிக் கையெழுத்திட்டாள். இப்போதெல்லாம் அந்தச் சாயங்காலத்துக்காகவே எழுதுகிறேன்.

ஒரே ஒரு பக்கம் மட்டும் இன்னும் சாட்சி இல்லாமல் கிடக்கிறது. அருவிக்கரையில் அவள் என் செருப்பைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு அழுதாள் என்று எழுதியிருக்கிறேன். எத்தனை முறை படித்துக் காட்டினாலும் பேனாவைத் தள்ளிவிடுகிறாள்.

"நான் எங்க அழுதேன்," என்கிறாள். "அருவித் தண்ணி தெறிச்சிது."