மூன்று பூட்டுக் கிருமியும் மட்டக்கொம்பி எருமையும்

ஒரு காட்டில், அதாவது வரைபடத்தில் இன்னமும் காடு என்று போட்டிருக்கும் ஓர் இடத்தில், மட்டக்கொம்பி என்றொரு எருமை இருந்தது. கொம்பு குட்டை, பால் அதிகம். பிறந்து பதினெட்டே நாளான கன்று ஒன்று அதன் மடியையே சுற்றிச் சுற்றி வரும்.

ஒருநாள் காரைமுள் கீறி மடியில் சின்னதாய் ஒரு காயம். அந்த வழியாக ஓர் அம்மைக்கிருமி மூட்டை முடிச்சோடு உள்ளே நுழைந்து, ஓர் உயிரணுவில் காலை வைத்தது. கிருமி எப்படிப் பேசும் என்று கேட்காதீர்கள். சிங்கம் பேசினால் வாயைப் பிளந்து கேட்கிறீர்கள், கிருமி பேசினால் மட்டும் அறிவியல் ஞாபகம் வருகிறதாக்கும்.

எருமை பதறவில்லை. முன்பு வந்த கிருமிகளை அது பார்த்திருக்கிறது. உயிரணுவின் நடுவில் உட்கரு என்றொரு தலைமை அலுவலகம் உண்டு. உத்தரவுகளை நகலெடுக்கும் எந்திரம் அங்கேதான் இருக்கிறது. வருகிற கிருமிகளில் பல அங்கே போய்த் தவம் கிடக்கும். அதற்குள் உடம்பின் காவல்காரர்கள் வந்து பிடரியில் கை வைத்துத் தள்ளிவிடுவார்கள்.

"வரிசை அந்தப் பக்கம், தம்பி," என்றது எருமை.

"வேணாங்க்கா. நகலெடுக்கிற மெஷின கையோட கொண்டாந்திருக்கேன்," என்றது கிருமி. உட்கருவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முற்றத்திலேயே கடையைப் போட்டது.

எருமைக்கு அப்போதுதான் விபரீதம் புரிந்தது. மடியில் புண் வந்தால் கன்று வாய் வைக்கும்போது வலி உயிர் போகும், கால் தானாக உதைத்துவிடும். பெற்ற கன்றை உதைக்கும் நினைப்பே அதற்குத் தாங்கவில்லை. கதைகளில் வரும் விலங்குகளைப் போல அதுவும் தந்திரத்தில் இறங்கியது.

"பொறக்கப்போற புள்ளைங்களுக்கு மொதல்ல சட்டையைத் தச்சு வெச்சிரு தம்பி. பாவம், குளிரும்ல." கிருமி தையலில் நேரத்தை விட்டால் காவல்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பது எருமையின் கணக்கு.

"ஆசைதான்க்கா. ஆனா எங்க உத்தரவு ஏட்டுல மூணு பூட்டு. சட்டை தைக்கிற உத்தரவு மூணாவது பூட்டுக்குள்ள இருக்கு. அதுக்குச் சாவி செய்யுறவங்க ரெண்டாவது பூட்டுக்குள்ள. ரெண்டாவது சாவிய மொதப் பூட்டு ஆளுங்க செய்யணும். அதுவும் பழைய ஏட்டுல போட்டா திறக்காது, புதுசா படியெடுத்த ஏட்டுலதான் திறக்கும். எங்கிட்ட மொதச் சாவி மட்டுந்தான், எங்கம்மா கட்டிக் குடுத்தது. நானே அவசரப்பட்டாலும் நடக்காது."

சொன்னபடியே முதல் பூட்டு திறந்து அதன் ஆட்கள் வந்தார்கள். காவல்காரர்களின் வாயைப் பொத்தினார்கள், ஏட்டைப் படியெடுக்க ஏற்பாடு செய்தார்கள், இரண்டாம் சாவியை அடித்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட டீ குடிக்கப் போகவில்லை.

இன்னும் இரண்டு பூட்டு பாக்கி இருக்கிறது என்ற தெம்பில் எருமை வன நல அலுவலகத்துக்கு ஓடியது. அங்கே எழுத்தர் கொக்கு ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலுக்கு விடுப்பு கொடுத்திருந்தது.

"புண்ணு எங்க?" என்றது கொக்கு.

"இன்னும் வரலீங்கய்யா. வர்றதுக்குள்ள மருந்து குடுத்தீங்கன்னா..."

"புண்ணு இல்லாம களிம்புக்கு எப்படி எழுதறது? புண்ணு வந்தப்புறம் வா. வரும்போது குணமாயிருச்சுன்னு சான்றிதழ் வாங்கிட்டு வா. அதை வெச்சாத்தான் களிம்பு."

எருமைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம் மடியில இருக்கிற கிருமிகூட ஒரு வேலை முடிஞ்சாத்தான் அடுத்த சாவியச் செய்யுது. கடைசி வேலைய மொதல்ல கேக்கறது இல்ல. உங்களுக்கு என்னய்யா கேடு?"

உள்ளே இருந்த அதிகாரி கரடி எழுந்து வந்தது. கோப்புகள் தேங்குவதாக மேலிடத்தில் அதற்கு வாரம் ஒரு திட்டு. "யாரும்மா அந்த ஆளு? எங்க இருக்காரு?" என்று விலாசம் கேட்டது. பிடித்துக்கொண்டு போகத்தான் கேட்கிறது என்று நம்பி எருமையும் சொன்னது.

திரும்பி வருவதற்குள் இரண்டாம் பூட்டு திறந்து, மூன்றாம் சாவியும் தயாராகிவிட்டது. மூன்றாம் ஆட்கள் வந்து பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். ஒவ்வொன்றின் மூட்டையிலும் ஒரு நகலெந்திரமும் ஒரு முதல் சாவியும் மறக்காமல் வைத்து அனுப்பினார்கள். மடியில் நான்கு கொப்புளங்கள் எழும்பின. கன்று வாய் வைத்தது, எருமை உதைத்துவிட்டது. கன்று தள்ளிப் போய்ப் படுத்துக் கத்தியது. எருமையும் அழுதது.

மறுநாள், கரடி பிடித்து வைத்திருக்கும் கிருமியை ஒருவழி பண்ணிவிடுவது என்று எருமை அலுவலகத்துக்குப் போனது. கொக்கின் இருக்கையில் அம்மைக்கிருமி உட்கார்ந்திருந்தது.

"வாங்கக்கா, புண்ணா? ஒரு பாரம் எழுதிக் குடுத்தா போதும்," என்றது கிருமி. முதல் மேசையில் முத்திரை விழுந்த பிறகே இரண்டாம் மேசை பேனாவைத் திறந்தது. இரண்டாம் மேசை முடித்த பிறகே மூன்றாம் மேசை அலமாரியைத் திறந்தது. அரைமணி நேரத்தில் களிம்பு கைக்கு வந்தது. அந்த அலுவலகத்தில் போன அன்றே வேலை முடிந்ததை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை.

எருமைக்குத் திட்ட வந்ததே மறந்துபோனது. கண் நிறைந்துவிட்டது. "நீ நல்லா இருக்கணும் தம்பி. புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."

"இருப்போம்க்கா," என்றது கிருமி அடக்கமாக, வரிசையில் அடுத்து நின்ற மானின் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தபடி.

நீதி: நோயைக் கொடுத்தது யார் என்று எவரும் கேட்கப்போவதில்லை, களிம்பை மட்டும் அன்றைக்கே கொடுத்துவிடு.