டப்பா சாரும் என் ஆறு மாதச் சண்டையும்

எச்சிலைப் பற்றி டப்பா சாருக்குத் தெரிந்த அளவுக்கு இந்தப் பூமியில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ரோட்டில் கிடப்பதைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தே, துப்பியவர் போட்டது எந்தக் கடைப் புகையிலை, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார், எந்தப் பக்கம் பல் இல்லை என்பதுவரை சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. ஓர் ஆஸ்பத்திரியின் காசநோய்ப் பிரிவில் லேப் டெக்னீஷியன். வரிசையில் நிற்கிறவர்களிடம் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, "நெஞ்சுக்குள்ள இருந்து நல்லா இருமித் துப்பும்வே. இது வெறும் எச்சிலு. எனக்குச் சளி வேணும்" என்று மதியம்வரை கெஞ்சுவது உத்தியோகம். சாயங்காலம் தெருவுக்கு வந்து, ஒருத்தரும் எங்கேயும் துப்பக் கூடாது என்று மிரட்டுவது பொழுதுபோக்கு. அவருக்குச் சொந்தமாக ஒரு பெயரும் இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை.

தோளில் தொங்கும் துணிப்பையில் எப்போதும் பத்து டப்பாவாவது கிடக்கும். ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் ஒருநாள், ஜன்னலோரம் இருந்த பெரியவர் வாய் நிறைய வெற்றிலையோடு தலையை வெளியே நீட்டினார். மூன்று சீட் தாண்டி நின்ற டப்பா சார் எப்படி அங்கே போனார் என்று யாரும் பார்க்கவில்லை. பெரியவரின் உதட்டுக்குக் கீழே டப்பா இருந்தது.

"துப்பும் அண்ணாச்சி, தாராளமா துப்பும். ஆனா இதுல."

பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. பெரியவர் டப்பாவைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டார். வண்ணார்பேட்டையில் இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரை இறக்கிவிட வேண்டியதாயிற்று.

ஒரு தேர்தலின்போது ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளருக்கு நேர்ந்தது இதைவிடப் பரிதாபம். கும்பிட்டபடி தெருவுக்குள் வந்தவரின் வாய் நிறையத் தாம்பூலம். டப்பா சார் டப்பாவைத் திறந்து முன்னால் நீட்டிக்கொண்டு, "சாக்கடைக்கு மூடி போடுவீரா?" என்றார். பேசினால் சட்டை நாசம், துப்பினால் மானம் போகும். வேட்பாளர் தலையை ஆட்டினார். "கொசு மருந்து?" அதற்கும் ஆட்டினார். "துப்புறவனுக்கு அபராதம்?" அதற்கு இரண்டு முறை ஆட்டினார். எங்கள் தெருவுக்கு அத்தனை வாக்குறுதிகள் ஒரே நாளில் கிடைத்தது அன்று மட்டும்தான்.

எனக்கும் அவருக்கும் பகை மூண்டது சாக்பீஸால். தெருவில் எங்கே எச்சில் கிடந்தாலும் அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் நேரமும் ஆளும் எழுதிவைப்பார். ஒருநாள் என் வாசலில் இப்படி எழுதியிருந்தது: 'காலை 8.20. கிளார்க். இரண்டாம் முறை.'

நான் கல்லூரி ஆபீசில் கிளார்க். புகையிலை போடாமல் ஒரு ஃபைலைக்கூடத் திறக்க வராத காலம் அது.

"என் வாசல்ல நான் துப்புதேன். கேக்கதுக்கு நீரு யாருவே?" என்று அவர் வீட்டு முன்னால் போய் நின்றேன்.

"வாசல் உமக்குள்ளதுதான் வே. காத்து யாருக்குள்ளது?" என்று கேட்டுவிட்டு, என் காலடியைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தெரு முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு நாங்கள் முகம் பார்ப்பதில்லை.

அந்த வருஷ ஐப்பசியில் எனக்கு இருமல் பிடித்தது. மழைக்காலம், சூட்டு இருமல், தூசி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றையும் நம்பினேன். ஒருநாள் சாயங்காலம் டப்பா சார் என்னைத் தெருமுனையில் மறித்தார். சத்தமே போடவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது.

"மூணு வாரமா கேக்குதேன். இருமல் விடல. உம்ம வேட்டியும் இடுப்புல நிக்க மாட்டேங்கு. நாளைக்குக் காலைல பல் தேய்க்கும் முன்ன இதுல துப்பித் தாரும்."

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய் மூலையில் போட்டேன். அவர் விடவில்லை. மறுநாள் இன்னொன்று தந்தார். அதற்கடுத்த நாளும் ஒன்று. என் மனைவி செண்பகத்துக்கு அவை ரொம்பப் பிடித்துப்போய், ஒன்றில் கடுகும் ஒன்றில் சீரகமும் போட்டு அடுக்கிவிட்டாள். நாலாவது டப்பா வந்தபோது எனக்கு மாலைதோறும் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. வெந்தயத்துக்கு ஆசைப்பட்ட செண்பகத்திடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

முடிவு தெரிந்ததும் அவரே வீட்டுக்கு வந்தார். செண்பகத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"காசநோய்தான். பயப்படாதீங்க. ஆறு மாசம் ஒருநாள் விடாம மாத்திரை போட்டா போயிரும். ஜன்னலத் தொறந்து வையிங்க. இவரு கொஞ்ச நாளைக்கு வாயத் துணியால மூடிக்கிட்டுத் தனியாப் படுக்கட்டும். நீயும் புள்ளையும் நாளைக்கே வந்து டாக்டரைப் பாருங்கம்மா."

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு மாதம். அவளைப் பற்றித்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டது வேறு.

"தெருவுல யாருக்கும் தெரியாண்டாம் சார். தங்கச்சிக்கு உடன்குடில மாப்பிள்ள பேசிக்கிட்டு இருக்கோம்."

ஊரில் யார் துப்பினாலும் பெயரோடு எழுதிவைக்கும் மனிதரிடம் போய் ரகசியம் காக்கச் சொல்கிறேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

"நீரு மாத்திரை முழுங்குததை நான் தெனமும் பாக்கணும். ஆஸ்பத்திரி ஆளு ஒரு வீட்டுக்குத் தெனம் வந்தா நாலு பேரு கேப்பான். ஒண்ணு செய்வோம். சண்டை போடுவோம்வே."

மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் இடி விழுந்தது.

"ஏய் கிளார்க்கு! வெளிய வாரும்வே! நேத்து எங்கன துப்புனீரு?"

"உள்ள வாரும்! உமக்கு இன்னைக்கு ஒரு முடிவு கட்டுதேன்!" என்று நானும் கத்தினேன். அவர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினோம். மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கையில் வைத்தார். விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார். செண்பகம் காபி கொடுத்தாள். தெருவுக்காக இடையிடையே சுவரைப் பார்த்து முழங்குவார்.

"மானம் ரோசம் இருக்காவே உமக்கு?" உடனே குரலைத் தாழ்த்தி, "பைய நடக்கீரா? முட்ட சாப்பிடுதீரா?"

"ரெண்டு," என்று கிசுகிசுத்துவிட்டு, "வாசலப் பாத்து வெளிய போம்வே!" என்று நான் கத்துவேன்.

இரண்டாம் நாளே ஒரு விபரீதம். கழிப்பறையில் பார்த்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. உயிர் போகப்போகிறது என்றே நினைத்து அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் தெருப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார்கள். எப்படிச் சொல்வது?

"சார்... ஆரஞ்சு!"

"ஆரஞ்சா? நல்லதுதான். உரிச்சுத் தின்னும்," என்றவருக்கு, என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பக்கத்தில் வந்து, "மாத்திரைக் கலருவே. சொல்ல மறந்துட்டேன்," என்று காதோரம் சொல்லிவிட்டு, "காலங்காத்தால சண்டைக்கு வந்துட்டான் பாரு!" என்று பெண்களிடம் முறையிட்டார்.

எங்களைச் சமாதானம் செய்ய எதிர்வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சி படாத பாடு பட்டார். ஒருநாள் இருவரையும் கடையில் உட்காரவைத்து, "ஒரு துப்பலுக்காவா வே இவ்வளவு பகை? கையக் குடுங்க" என்றார். சமாதானமாகிவிட்டால் காலையில் கத்த முடியாது. கையைக் கொடுக்க இருவருமே மறுத்துவிட்டோம்.

மூன்றாவது மாதம் இருமல் போய், உடம்பும் தேறியது. இனி எதற்கு மாத்திரை என்று தோன்றியது. கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, அவர் போனதும் பூந்தொட்டியில் போட ஆரம்பித்தேன். நாக்கைத் தூக்கச் சொல்கிறவருக்குக் கன்னம் தெரியாதா? நாலாம் நாள் நேராகப் போய்த் தொட்டி மண்ணைக் கிளறினார். மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"பாதில விட்டா அது திரும்பி வரும். அப்ப இந்த மாத்திரைக்கு அடங்காது. அப்படி விட்டவங்க எத்தன பேரோட சளிய நான் பாத்திருக்கேன் தெரியுமா? அதுல சில பேரு மறு வருசம் வரிசைல நிக்கல." "உம்ம புள்ள உம்ம நெஞ்சுலதானவே படுத்துத் தூங்குது?"

செண்பகம் அடுப்படியில் நின்று அழுதாள். நாங்கள் நிஜமாகச் சண்டை போட்டது அன்றைக்குத்தான். தெருவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாத்திரைகூட நான் தவறவிடவில்லை. புகையிலையும் அந்த வாரத்தோடு போயிற்று.

ஆறு மாதம் முடிந்து எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. மகளுக்கும் செண்பகத்துக்கும் ஒன்றும் வரவில்லை. தங்கையின் கல்யாணம் உடன்குடியில் நல்லபடியாக நடந்தது. அவருக்கு நான் பத்திரிகை கொடுத்தேன். பகையாளி எப்படி வருவது என்று அவராகவே வரவில்லை.

அடுத்த வருஷம் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. சாமான்கள் ஏறிய வேன் எங்கள் வாசலைத் தாண்டியபோது, முன் சீட்டிலிருந்து தலையை நீட்டி, "கிளார்க்கு! ஒழுங்கா இரும்வே!" என்று தெரு அதிரக் கத்தினார். பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் வேன் தெருமுனை திரும்பிவிட்டது.

மளிகைக்கடை அண்ணாச்சி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு வழியா தொல்ல விட்டுது. இனி நிம்மதியா இரும்," என்றார். ஆமாம் அண்ணாச்சி என்று சிரித்து வைத்தேன்.

மறுநாள் காலை, பழைய சண்டை நேரமான ஆறரைக்கு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். தெரு அமைதியாக இருந்தது. செண்பகம் என்ன நினைத்தாளோ, இரண்டு தம்ளரில் காபி கொண்டுவந்தாள்.