தொண்ணூறு மீட்டர்

பதினோரு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம்தான் இருந்தது. சோபியாவின் கைப்பேசியில் சிக்னல் சுத்தமாக இல்லை. எதிரே வரத்துக் கால்வாய்க்குள் நாற்பத்திரண்டு பேர் மண்வெட்டியும் கூடையுமாகப் படத்துக்கு நின்ற கோலத்திலேயே கால் மணி நேரமாக நின்றார்கள்.

நூறு நாள் வேலையில் காலை பதினோரு மணிக்குள் ஆட்களைப் படம் எடுத்து ஏற்றிவிட வேண்டும். ஏறாவிட்டால் வந்தவர்களும் வராதவர்கள்தான். திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில், வேலைப் பலகை நட்டிருந்த இடத்தில் காற்று வரும், ஆடு வரும், சிக்னல் மட்டும் வராது.

சோபியாவுக்குப் பிறந்த ஊர் ஓரிக்கை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஐந்து வருடம் லைன் லீடர். ஜான்சனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம், பணித்தளப் பொறுப்பாளராகி இரண்டு நாள். ஓவர்சியர் ஏகாம்பரம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை டேப்போடு வருவார், அறுபது மீட்டர் தூர் வாரியிருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். ஊரில் எல்லோருக்கும் அவள் ஜான்சன் பொண்டாட்டி. அவளுடைய சொந்தப் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அந்த வருகைப் பதிவேடுதான். அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

அன்று படம் ஏறவில்லை. மறுநாள் அவள் முதல் சீர்திருத்தத்தைச் செய்தாள். ஏரிக்கரையோரம் மூன்று பனைமரங்களுக்குக் கீழே நல்ல சிக்னல் இருந்தது. எல்லோரும் அங்கே கூடி, படம் எடுத்துக்கொண்டு, பிறகு வேலைக்கு நடப்பது என்று ஏற்பாடு. படம் சட்டென்று ஏறியது. ஆனால் நடக்கிற வழியில் ஒருத்திக்கு வெற்றிலை போட வேண்டும், ஒருத்திக்குச் செருப்பு அறுந்தது, ஒருவர் வழியில் பார்த்த மாமனிடம் நின்றுவிட்டார். மண்வெட்டி மண்ணைத் தொடும்போது மணி பன்னிரண்டு.

கம்பெனியில் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆள் பொருளைத் தேடிப் போகக்கூடாது, பொருள்தான் ஆளைத் தேடி வர வேண்டும். சோபியா பனைமரத்தடியில் நின்று நாலாபக்கமும் பார்த்தாள். பின்னாலேயே கால்வாய் ஓடியது. அதே சீமைக்கருவேல், அதே கோரை, அதே சேறு. கால்வாய் வளைந்து இந்தப் பக்கமும் வருகிறது போலும். இந்த முனையிலிருந்து வெட்டிக்கொண்டே பலகைக்குப் போனால் தீர்ந்தது. தன் மூளையை அவளே மெச்சிக்கொண்டாள்.

வேலை சூடு பிடித்தது. ஆனால் இப்போது ஆளாளுக்கு அவளிடம் ஏதாவது சொல்ல வந்தார்கள். தண்ணீர் தீர்ந்தது, கூடை கிழிந்தது, முள் குத்தியது. ஒருவர் பேச வந்தால் பக்கத்தில் நாலு மண்வெட்டி நின்றது. உடனே அடுத்த சீர்திருத்தம். நான்கு குழு, நான்கு லீடர். யாரும் நேரே வந்து பேசக்கூடாது. லீடரிடம் சொன்னால் லீடர் குரல் பதிவாக அனுப்புவார்.

வேலைக்கு வந்தவர்களில் ஜெயம்மாள் என்ற பெரியவள் மட்டும் அதைக் கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கரையேறி வந்தாள்.

"சோபியா, ஒரு வார்த்த சொல்லணும். இந்தக் கால்வா கீது பாரு..."

"லீடராண்ட சொல்லுங்க அத்த. அவங்க எனக்கு அனுப்புவாங்க."

"இன்னாம்மே, எதிர்ல நின்னுக்கினு போன்ல பேசணுமா?"

"ஒருத்தருக்கு வழி வுட்டா எல்லாரும் வருவாங்க அத்த."

ஜெயம்மாள் முகம் வாடிப் போனாள். சோபியாவுக்கும் உறுத்தியது. ஆனாலும் ஒழுங்கு என்றால் ஒழுங்குதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டே நாளில் முப்பத்தெட்டுக் குரல் பதிவுகள் சேர்ந்தன. ஒன்றைக்கூடக் கேட்க நேரமில்லை. மூன்றாம் நாள் காலை படம் எடுக்கப் போனால் கைப்பேசியில் இடமில்லை என்றது. மணி பத்து ஐம்பத்தைந்து. முப்பத்தெட்டையும் ஒரே அழுத்தில் அழித்தாள். படம் ஏறியது. கூட்டத்தில் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லீடர் மூலமாகச் சொல்லியாயிற்று, இதற்கு மேல் மேலிடத்து உத்தரவாக இருக்கும் என்று மண்வெட்டியை எடுத்தார்கள்.

அன்றுதான் அந்த மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கரைமேல் வண்டியை நிறுத்தி, வெட்டிய இடத்தை நடந்து பார்த்தார், படம் எடுத்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். மாவட்டத்திலிருந்து ரகசியச் சோதனை என்று சோபியா முடிவு கட்டினாள். பெயர் கேட்டால் மரியாதையாக இருக்காது. வணக்கம் மட்டும் வைத்தாள். அவர் பார்க்கிறார் என்பதற்காகவே குழுக்களுக்குள் போட்டி வைத்தாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், அந்த வாரம் அங்கே பதறாத ஆளே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை அவளே கயிறு பிடித்து அளந்தாள். தொண்ணூறு மீட்டர். கரை சீவிவிட்டது போல நேராக இருந்தது. நாற்பத்திரண்டு பேரும் களைத்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் உடம்பு செய்த வேலை, தன் மூளை வெறும் வழிதான் காட்டியது என்று முதன்முறையாகத் தோன்றியது. சாயங்காலம் ஜெயம்மாளிடம் உட்கார்ந்து பேச வேண்டும், அவள் என்ன சொல்ல வந்தாளோ கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏகாம்பரம் போன் செய்தார். கிளம்பிவிட்டாராம், டேப் கையில் இருக்கிறதாம், பத்து நிமிடத்தில் பலகைக்குப் பக்கத்தில் இருப்பாராம். வாங்க சார், அறுபது கேட்டீங்க, தொண்ணூறு வைத்திருக்கிறேன் என்றாள். குரலில் பெருமையை அடக்க முடியவில்லை.

அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரரின் வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு ஆட்டோவில் இரண்டு கேன் மோர். அவர் எல்லோருக்கும் மோர் ஊற்றச் சொல்லிவிட்டு, வண்டியில் மாட்டியிருந்த பையிலிருந்து சரிகைத் துண்டு ஒன்றை எடுத்து சோபியாவின் தோளில் போர்த்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் அந்தாண்ட ஊரு வார்டு மெம்பரும்மா. எங்க ஊரு கால்வாய வெட்ட எங்க ஜனமே ரெண்டு வருசமா வர்ல, பக்கத்து ஊருக்காரங்க நீங்க வந்து வெட்டிக் குடுத்துக்கினு கீறீங்களே, இந்த மனசு யாருக்கும்மா வரும்?"